சம்பா வயலுக்குக் கிட்டி வைக்க ஆள் கூப்பிட்டோம்: ஐந்துக்கு நாலரை

டெல்டாவில் நெல் போடுகிறவர்களுக்குச் சம்பா தூர் கட்ட (பக்கத்தண்டு விட) ஆரம்பித்ததுமே எலித்தொல்லை தொடங்கிவிடும். என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மருந்துக்கடையில் எலிமருந்து கேக் வாங்கிப் போடு, கருவாட்டில் விஷத்தைக் கலந்து வை, கம்பி கட்டிக் கரண்டு விடு (இதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், ராத்திரி தண்ணீர் பார்க்கப் போன மனிதர்கள் செத்திருக்கிறார்கள்). நாங்கள் இந்தச் சம்பாவுக்குக் கிட்டி, அதாவது மூங்கில் எலிப்பொறி, வைக்கிறவரைக் கூப்பிட்டோம். மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் பக்கம் எங்களுக்கு ஏழு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) நஞ்சை, மூன்று பக்கமும் மற்றவர்கள் வயல், நாலாவது பக்கம் வாய்க்கால் கரை, கரை மேல் மூங்கில் புதர். எலிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. இப்போது அறுவடையும் முடிந்துவிட்டதால் முழுசாக எழுத முடிகிறது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை ஏன் குறைந்தது என்பதும் கீழே இருக்கிறது.

முதலில் காசு விஷயம். எலிக்கு 30 ரூபாய். கிட்டி அவருடையது, இரை அவருடையது, சாயங்காலம் வந்து வைப்பதும் விடியற்காலம் வந்து எடுப்பதும் அவரே. காலையில் களத்துமேட்டில் எலிகளை வரிசையாகப் போட்டு, நம் கண் முன்னால் எண்ணிக் காசு வாங்கிக்கொள்கிறார். ஒன்றும் விழவில்லை என்றால் ஒன்றும் வாங்குவதில்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, காசு வரப்பெலிக்கு மட்டும்தான். சுண்டெலி விழுந்தால் அதை ஓரமாகப் போட்டுவிடுகிறார், கணக்கில் சேர்ப்பதில்லை. ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "அது தின்னு ஒங்களுக்கு என்னா நட்டம் தம்பி" என்றார். எது எதைத் தின்னும், எப்போது தின்னும், அதனால் நமக்கு என்ன போகும் என்று இவருக்குத் தெரிகிறது. வேலை நன்றாக நடந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வயல் எலி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஒரே பிராணி கிடையாது. வரப்பைக் குடைந்து மண்ணை வெளியே தள்ளி வைப்பது வரப்பெலி, வேளாண்மைத் துறைப் புத்தகங்களில் கரம்பை எலி என்று போட்டிருப்பார்கள், அறிவியல் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். வளர்ந்தது சுமார் கால் கிலோ இருக்கும், பிடிபட்டால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். வீட்டுச் சாக்கடை ஓரம் திரிகிற பெருச்சாளி இதற்குச் சொந்தம், ஆனால் அது வேறு, இன்னும் பெரிசு. அப்புறம் புல் எலி, மில்லார்டியா மெல்டாடா, மிருதுவான மயிர், வரப்பெலியைவிட ரொம்பச் சின்னது. அதற்கும் சின்னது வயல் சுண்டெலி, மஸ் பூடுகா, எடை சுமார் 10 கிராம்தான். மூஞ்சூறு எலிச் சாதியே இல்லை, பூச்சி தின்கிற வேறு குடும்பம். மணல் திடல் உள்ள ஊர்களில் வாலில் குஞ்சம் வைத்த வெள்ளெலியும் உண்டு, எங்கள் களிமண்ணில் அதைப் பார்த்ததில்லை. இதில் புல் எலியையும் சுண்டெலியையும் பற்றி விவசாயிகளே அதிகம் பேசுவதில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விஷம் என்றுதான் பழகிவிட்டோம்.

வந்த அன்று அவர் கிட்டியே எடுத்து வரவில்லை. ஒரு மண்வெட்டியோடு வந்து வரப்பு முழுக்க நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். கண்ணில் பட்ட வளை வாயையெல்லாம் ஈர மண்ணால் அடைத்துக்கொண்டே போனார். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. பழைய, காலியான வளைக்குப் பக்கத்தில் கிட்டி வைத்து என்ன பிரயோசனம். இதை வேளாண்மை அதிகாரிகளும் சொல்வதுண்டு, செய்து பார்க்கிறவர்கள்தான் குறைவு. வளை வாயைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுகிறார். புதுமண் குவியல் பொலபொலவென்று கிடந்து, வாய் உள்பக்கமாக அடைபட்டிருந்தால் வரப்பெலி. மண் குவியலே இல்லாமல் புல் அடியில் மேலாகப் பறித்த வளையோ களிமண் வெடிப்போ என்றால் புல் எலி. கட்டைவிரல் மட்டும் நுழைகிற ஓட்டை சுண்டெலியுடையது.

அதற்கப்புறம் வயலுக்குள் இறங்கி வெட்டுப் பட்ட தூரைத் தேடினார். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டுத்துளைப்பான் என்று நினைத்து மருந்தடித்துக் காசைக் கரைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தண்டுத்துளைப்பான் விழுந்த தூரில் நடுக்குருத்து காய்ந்து நிற்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். எலி வெட்டியது அப்படி இருக்காது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கத்தியால் சாய்வாகச் சீவியது மாதிரி வெட்டு, வெட்டிய துண்டு பச்சையாகவே பக்கத்தில் மிதக்கும். அந்தத் துண்டில் ஒன்றை எடுத்து உரித்துக் காட்டினார். வெளி உறையெல்லாம் அப்படியே இருந்தது, உள்ளே அடியில் இருக்கும் வெள்ளையான இளங்குருத்து, அதாவது நாம் வாயில் போட்டால் லேசாகத் தித்திக்கிற பாகம், விரற்கடை அளவுக்கு மட்டும் தின்னப்பட்டிருந்தது. இந்த ஒரு வாய்க்காக முழுத் தூரையும் வெட்டிப்போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. எலி தின்பது குறைவு, நாசம் பண்ணுவது அதிகம் என்று ஊரில் சொல்வது இதைத்தான். அதன் முன்பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துக் கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் காட்டினார். வரப்பை ஒட்டிய பயிர் முழுசாக நிற்கிறது, நடுவயலில்தான் சொட்டை. வரப்பில் நின்று பார்த்துவிட்டு பயிர் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவோம். எலிக்குத் திறந்த ஓரம் ஆபத்து, கூகை பார்க்கும், நரி பார்க்கும், பாம்பு காத்திருக்கும். நடுவில் பயிர் மறைப்பு உண்டு. வரப்பெலி நன்றாக நீந்தும், தண்ணீர் நிற்பதெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

இரைக்கு வருகிறேன். மருந்து கேக்கில் எல்லா ஊருக்கும் எல்லாப் பருவத்துக்கும் ஒரே தீனிதான், இவரிடம் அப்படி இல்லை. தூர் கட்டும் பருவத்தில் வயலில் எலிக்குக் கிடைப்பது பச்சைத் தண்டும், வரப்பில் கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும்தான். தானியம் கிடையாது. அந்த நேரத்தில் நெல்லை நீட்டினால் ஓடி வரும். அதனால் அப்போது வறுத்த நெல்லும், அரிசி மாவில் பிசைந்த உருண்டையும் வைத்தார். வாய்க்கால் ஓரத்துக் கிட்டிகளுக்கு மட்டும் வயல் நண்டை உடைத்து வைத்தார். வரப்பெலி தானியம் மட்டும் தின்கிற பிராணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது நண்டு தின்னும், நத்தை தின்னும், கிடைத்தால் பூச்சியும் தின்னும். வாய்க்கால் கரை வளைகளுக்குப் பக்கத்தில் நண்டு ஓடும் நத்தைக் கூடும் உடைந்து கிடப்பதை அவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன், இத்தனை வருஷமும் கொக்கு தின்றது என்றே இருந்துவிட்டோம். நண்டும் இளநாற்றை வெட்டும் என்பது நமக்குத் தெரியும், ஆக, எலி தின்னும் நண்டைக்கூட அவர் சும்மா விடவில்லை.

கிட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இதைத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே வேளாண்மைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டையை வில்லாக வளைத்து, நாணை இழுத்து ஒரு சின்னக் குச்சியில் மாட்டி நிறுத்தியிருக்கும். அந்தக் குச்சியோடு சேர்ந்துதான் இரை. எலி வந்து இரையைக் கடித்து இழுத்தால் குச்சி நழுவும், வில் விடுபடும், நாண் கழுத்தில் இறுகும். ஒரே அடி, உடனே முடிந்துவிடும். விஷம் தின்று வயிறு எரிந்து வளைக்குள் கிடந்து சாவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். இவருடைய கிட்டிகளெல்லாம் அவரே சீவிக் கட்டியவை, மூங்கில் கறுத்து வழுவழுவென்று இருந்தன. குச்சியை மாட்டும்போது கவனித்தேன், நுனியை நகத்தால் தொட்டுப் பார்க்கிறார், ரொம்ப ஆழமாக மாட்டினால் எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும், ரொம்ப மேலாக மாட்டினால் தவளை தாண்டினாலே விடுபட்டுவிடும். வரப்பெலிக்கு வைப்பது சுண்டெலி எடைக்கு அசையாத மாதிரி கொஞ்சம் இறுக்கமாக. இந்த நுணுக்கத்தைச் சந்தையில் விற்கிற இரும்புப் பொறியில் எதிர்பார்க்க முடியாது.

முதல் ராத்திரியிலேயே பாதிக்கு மேற்பட்ட கிட்டிகளில் விழுந்திருந்தது. இருட்டி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நிறைய விழுந்துவிடும் என்றார், பகலெல்லாம் வளைக்குள் அடைபட்டுக் கிடந்துவிட்டுப் பசியோடு வெளியே வருகிற நேரம் அது. அவர் குடும்பத்தில் வயல் எலிக்கறி சாப்பிடுவார்கள், அதனால் அங்கேயே சுத்தம் பண்ண ஆரம்பித்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு எலியின் இரைப்பையைக் கீறிக் காட்டினார். பச்சையும் வெள்ளையுமாக அரைத்த துவையல் மாதிரி தண்டுச் சக்கை, அதற்கு நடுவே கருஞ்சிவப்பாக நண்டு ஓட்டுத் துணுக்குகள். நாங்கள் வைத்த இரையைத் தொடுவதற்கு முன்னாலேயே தின்றது அது. நடுவயல் பக்கம் விழுந்த இன்னொன்றில் தண்டுச் சக்கை மட்டும்தான். ஒரே வயல், ஒரே ராத்திரி, சாப்பாடு வேறு. அன்று சாயங்காலம் அவர் நண்டு இரையை மூங்கில் புதர் பக்கம் கூட்டிவிட்டு நடுவயலுக்கு நெல்லை மட்டும் வைத்தார். வயிற்றைப் பார்த்து இரையை மாற்றுகிறவரை வேலைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கைதேர்ந்தவர் என்றுதான் சொல்வேன்.

சுண்டெலியை ஏன் விட்டுவிடுகிறார் என்பதற்கு வருகிறேன். ஒரு எலி ராத்திரிக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு தின்னும் என்று வைத்துக்கொண்டால் வரப்பெலிக்கு 25 கிராம் ஆகிறது, சுண்டெலி அத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு என்ன தின்றுவிடும். உடம்பு சின்னதாக ஆக ஆக எடைக்குத் தகுந்த தீனி கூடத்தான் செய்யும், ஆனாலும் சில கிராம்தான். அதிலும் நெல் மட்டும் இல்லை, வரப்பில் முளைக்கிற புல் விதை, கீழே உதிர்ந்த மணி, பூச்சி, புழு எல்லாம் சேர்ந்துதான் அதன் சாப்பாடு. தூரை வெட்டித் தள்ளுகிற பலமும் கிடையாது, வரப்பெலி மாதிரி மூட்டை கட்டிச் சேர்க்கிற பழக்கமும் கிடையாது. புல் எலி கொஞ்சம் கூடுதல், பச்சைப்புல், விதை, பூச்சி என்று தின்கும், பயிரிலும் வாய் வைக்கும், ஆனால் வளைக்குள் கதிரைக் குவிக்காது. அறுவடைக்கு முன் நம் மகசூலைத் தூக்கிக்கொண்டு போகிறது வரப்பெலிதான்.

அது எப்படித் தூக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் அறுவடை முடிந்த வயலில் ஒரு வளையை வெட்டிப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் எங்கள் வயலில் அதிகம் கிடைக்கவில்லை, கிட்டி வைக்காத பக்கத்து வயல் வரப்பில் அவரே வெட்டிக் காட்டினார். மேலே இருந்து பார்த்தால் ஒரு மண் குவியல், உள்ளே போனால் கிளை கிளையாகப் போகிறது, ஒரு கிளை முடிவில் காய்ந்த வைக்கோலும் தாளும் போட்ட படுக்கை, அங்கிருந்து முழங்கை நீளம் தள்ளி இன்னொரு அறை, அதில் கதிர். காம்போடு வெட்டிய கதிர்கள், ஒரே பக்கமாக அடுக்கியது போலக் கிடந்தன, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு முறம் நிறைந்துவிட்டது. ஒரு வளைக்குப் பெரும்பாலும் ஒரு எலி, குட்டி போட்டிருந்தால் தாயும் குட்டிகளும், அவ்வளவுதான் குடும்பம். நிலமில்லாதவர்கள் அறுவடைக்குப் பிறகு எலிவளை வெட்டி நெல் எடுத்துக் கஞ்சி காய்ச்சிய காலம் டெல்டாவில் இருந்தது, பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு முறத்தைப் பார்த்த பிறகு அது எனக்குப் புரிந்தது.

கதிர் வரும் சமயத்தில்தான் வரப்பெலி குட்டியும் அதிகம் போடும். தீனி பெருகினால் குட்டி பெருகும். மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சினை, ஒரு ஈற்றுக்கு ஆறு எட்டுக் குட்டி. பொதி கட்டும் (கதிர் உள்ளே திரளும்) பருவத்துக்கு முன்னால் ஒரு பெட்டையைப் பிடிப்பதும், பால் பிடித்த பிறகு ஒன்றைப் பிடிப்பதும் ஒரே 30 ரூபாய்தான், பலன் ஒன்றல்ல. அதனால் இவரைக் கூப்பிடுகிறவர்கள் தூர் கட்டும்போதே கூப்பிடுங்கள். கதிர் முற்றிய வயலுக்குக் கூப்பிட்டால் அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், வயல் முழுக்க நெல் நிற்கும்போது கிட்டியில் நாலு நெல்லுக்கு எந்த எலி வரும்.

மருந்து கேக்கும் அந்தப் பருவத்தில் பலிக்காமல் போவது இதே காரணத்தால்தான். போன வருஷம் ஒரு மருந்துக்கடையில் மொத்தமாக ஒரு பேக்கேஜ் பேசி ஆளையும் அவர்களே அனுப்பினார்கள். வந்தவர் கதிர் வெளிவந்த வயலில் ஜிங்க் பாஸ்பைடு கலந்த அரிசியை வரப்பு முழுக்க வைத்துவிட்டுப் போனார். எலி புது தீனியை நம்பாது, முதலில் கொறித்துத்தான் பார்க்கும், அதனால்தான் விஷமில்லாத வெறும் இரையை இரண்டு நாள் வைத்துப் பழக்கிவிட்டு மூன்றாவது நாள் விஷம் வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அவர் அதைச் செய்யவில்லை. ஜிங்க் பாஸ்பைடு இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும், வேகமாக வேலை செய்யும், அதனாலேயே பாதி தின்றுவிட்டுப் பிழைத்த எலிக்கு எதனால் உடம்புக்கு முடியாமல் போனது என்று தெரிந்துவிடும், அப்புறம் அந்த இரையை ரொம்ப நாளைக்குத் தொடாது. எங்களுக்கு அதுதான் நடந்தது, வைத்த அரிசி வைத்தபடி கிடந்தது, கதிர் போனது போனதுதான். ஆடு மாடு போகிற வரப்பில் அதைத் தேடித் தேடிப் பொறுக்கி எடுத்துப் புதைக்க வேண்டியதாயிற்று.

புரோமாடியோலோன் கேக் அப்படி இல்லை, ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துத்தான் கொல்லும், எலிக்குச் சந்தேகம் வராது. எனக்கு அதில் வேறு கவலை. அந்தச் சில நாளும் எலி தளர்ந்துபோய் நடமாடும், கூகைக்கும் கீரிக்கும் அதைப் பிடிப்பது சுலபம், ஈரலில் தங்கிய மருந்து அவற்றுக்கும் போகும். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் இருக்கிற ஏ.வி.சி. கல்லூரி விலங்கியல்காரர்கள் இந்தக் காவிரி டெல்டாவில் கூகை கக்கிய உருண்டைகளைச் சேர்த்துப் பிரித்து, உள்ளே இருக்கிற மண்டையோட்டையும் பல்லையும் வைத்து அது எதை எதைத் தின்றது என்று பார்த்திருக்கிறார்கள். வரப்பெலி, புல் எலி, சுண்டெலி, மூஞ்சூறு எல்லாம் அதில் உண்டு. கூகை இரையை முழுசாக விழுங்கிவிட்டு எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும், பழைய கோயில் மண்டபத்து மூலையில் கீழே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி தவறாமல் வந்து காசு வாங்காமல் எலி பிடித்துக்கொண்டு போகிற ஒரு ஜீவனுக்கு விஷம் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

இனி அந்த அரை. நண்டு வைத்த கிட்டிகளில் மூஞ்சூறு விழுந்தது. மூஞ்சூறு நெல்லைத் தேடி வயலுக்கு வருவதில்லை. மண்புழு, வண்டு, கரப்பான், பிள்ளைப்பூச்சி இதெல்லாம்தான் அதற்கு, அந்தச் சின்ன உடம்புக்குள் எல்லாம் சீக்கிரம் எரிந்துவிடுவதால் ராத்திரி முழுக்கத் தின்றுகொண்டே திரிய வேண்டும், கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தாலே தாங்காது. கறி வாசம் பிடித்து நண்டுக்கு வந்து மாட்டியிருக்கிறது. அவருக்கும் அது சங்கடம்தான், களத்துமேடு, வைக்கோல் போர் பக்கமெல்லாம் நண்டு வைப்பதை உடனே நிறுத்திவிட்டார், அப்புறம் விழவில்லை. தாய் மூஞ்சூறு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒன்றன் பின்புறத்தை ஒன்று கவ்விக்கொண்டு வரிசையாகப் போகும், அதைக் களத்துமேட்டில் பார்த்த யாருக்கும் அது கிட்டியில் கிடப்பதைப் பார்க்க மனசு ஒப்பாது. முதல் நாளிலேயே நண்டு எங்கே வைக்கிறார் என்று நீங்கள் கேட்டு, வீட்டுப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் சில குறைகள், இதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்கவில்லை. மழை ராத்திரியில் மாவு இரை கரைந்துவிடும், அன்று வரமாட்டார். விடிந்து வெயில் ஏறுவதற்குள் கிட்டியை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மைனாவோ காணாங்கோழியோ போய் மாட்டும், இவர் அதில் கண்டிப்பு, எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் மூத்திரம் வழியாகத்தான் பரவுகிறது, சேற்றில் வெட்டுக்காயத்தோடு இறங்குகிறவர்களுக்கும் அதே ஆபத்து. அவருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டால் குச்சி மாட்ட வரவில்லை என்று கிட்டி வைத்து முடித்த பிறகு மட்டும் போட்டுக்கொள்கிறார்.

உங்கள் ஒரு வயலுக்கு மட்டும் கூப்பிடுவதில் பாதிப் பலன்தான். காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி குடிவந்துவிடும். எங்களுக்கும் கடைசி நேரத்தில் கிட்டி வைக்காத பக்கத்திலிருந்து கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் போன வருஷம் மாதிரி நடுவயல் சொட்டை விழவில்லை. அப்புறம் நம் பக்க வேலை. கோடையில் எலிக்குச் சோறு போடுவது வரப்புக் கோரையும் அருகும்தான், சம்பா அறுத்த பிறகு உளுந்து தெளித்திருந்தால் அதன் காயும். வரப்பைச் செதுக்கிச் சின்னதாக வைத்தாலே குடைய இடம் குறையும், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. கூகை உட்கார ஹெக்டேருக்கு 40 முதல் 50 பறவைத் தாங்கி நடச் சொல்கிறார்கள், தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே ஆயிற்று, கதிர் முற்றும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் குருவிக் கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம்பரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. டெல்டாவில் நிறைய ஊர்களில் கிட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், டீக்கடையில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். நாங்கள் வரும் குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்கு முன்னாலேயே, எலியெல்லாம் கரையிலும் மூங்கில் புதரிலும் ஒதுங்கியிருக்கும்போதே அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் இந்த முறை சேர்ந்துகொள்கிறார்கள், வாய்க்கால் அக்கரையில் இருப்பவரிடம் இன்னும் பேச வேண்டும்.